ஃபைலுக்கு ஹேஷ் பெயர்: பைத்தானின் ஹேஷ்லிப், பேஸ்64 எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு கேமரா போகிறது. இரண்டிலும் டிஎஸ்சி_0001 இருக்கும். 9999 தாண்டினால் எண் மறுபடி முதலிலிருந்து ஓடும். சாயங்காலம் இரண்டு கார்டையும் ஒரே ஃபோல்டரில் கொட்டும்போது, பழைய ஃபைலின் மேல் எழுதவா என்று விண்டோஸ் கேட்கும். அவசரத்தில் யாராவது ஆமாம் என்று தட்டிவிட்டால் பெண் அழைப்புப் படங்கள் போன இடம் தெரியாது. வைகாசியிலும் ஆவணியிலும் ஒரே நாளில் மூன்று மண்டபம் பார்க்கும் மதுரை ஸ்டூடியோக்களுக்கு இது புதிய தலைவலி இல்லை. சுங்குடிச் சேலை மொத்தக் கடையின் டிசைன் படங்களுக்கும், பிளக்ஸ் அச்சகத்துக்கு ஆளாளுக்குப் பென்டிரைவில் கொண்டுவரும் 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு' ஃபைல்களுக்கும் இதே பாடுதான்.

பெயரைக் கேமராவிடமும் ஆளிடமும் கேட்காமல், ஃபைலுக்குள் இருக்கும் பைட்டுகளிடமே கேட்பதுதான் இதற்கு நல்ல வழி. ஹேஷ் என்பது அந்தப் பைட்டுகளிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் ஒரு குறி, ஃபைலின் கைரேகை போல. அந்தக் கணக்கைப் போட்டால், உள்ளடக்கம் ஒன்றாக இருக்கும்வரை பெயரும் ஒன்று. ஒரு பிட் மாறினாலும் பெயர் அடியோடு மாறும். ஒரே படம் மூன்று பென்டிரைவில் வந்தாலும் ஒரே பெயரில் வந்து சேரும். இரண்டு வருடம் கழித்து ஹார்ட்டிஸ்க் பழுதாகத் தொடங்கினால், மறுபடி கணக்குப் போட்டுப் பெயரோடு ஒப்பிட்டாலே எந்தப் படம் கெட்டது என்று தெரிந்துவிடும்.

இந்த வேலைக்குப் பைத்தானோடு இலவசமாகவே வரும் இரண்டு மாட்யூல்களை இங்கே எடை போடுகிறோம். கணக்குப் போடுவது ஹேஷ்லிப். அந்தக் கணக்கை எழுத்தாக மாற்றுவது பேஸ்64. ஹேஷ்லிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். பேஸ்64 அப்படி இல்லை. அதில் உள்ள ஒரு ஃபங்ஷன் பெயரிலேயே 'சேஃப்' என்று இருக்கிறது. அந்தச் சொல்லை நம்பி ஃபைல் பெயருக்கு அதை எடுத்தவர்கள் நிறைய. அது யூஆர்எல்லுக்குப் பத்திரம். விண்டோஸ் கணினி, லினக்ஸ் சர்வர், எக்ஸ்ஃபேட் பென்டிரைவ், மேக் என்று ஊர் சுற்றும் ஃபைலுக்கு அந்தப் பத்திரம் போதாது.

ஹேஷ்லிப்பில் உள்ள ஹேஷ் முறைகளில் ஒன்றான ஷா-256 போட்டால் 32 பைட் கிடைக்கும். அதை அப்படியே பெயராக வைக்க முடியாது. லினக்ஸில் பூஜ்ய பைட்டும் '/' குறியும் பெயரில் வரக்கூடாது. விண்டோஸில் இவற்றோடு < > : " \ | ? * ஆகியவையும், 1 முதல் 31 வரையான கட்டுப்பாட்டுக் குறிகளும் ஆகாது. பெயர் புள்ளியிலோ இடைவெளியிலோ முடியவும் கூடாது. அதனால் எழுத்தாக மாற்றியே ஆக வேண்டும். ஹெக்ஸ், அதாவது 16 குறிகளில் எழுதும் முறை என்றால் 64 எழுத்து. பேஸ்32 என்றால் 52. பேஸ்64 என்றால் 43, கடைசியில் ஒட்டும் '=' குறியோடு 44. நீளத்தை மட்டும் பார்த்தால் பேஸ்64தான் ஜெயிக்கும். கோளாறு தொடங்குவதும் அங்கேதான்.

சாதாரண பேஸ்64-இன் 64 எழுத்துகளில் ஒன்று '/'. ஒரு ஷா-256 ஹேஷை அப்படி மாற்றினால், பெயருக்குள் எங்காவது ஒரு '/' வருவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 48 சதவீதம். பாதி ஃபைல்கள் 'அப்படி ஒரு ஃபோல்டர் இல்லை' என்ற பிழையோடு நிற்கும். நிற்பது நல்லதுதான், உடனே தெரிந்துவிடுகிறது. மோசமானது, பெயரின் முதல் எழுத்தே '/' ஆக அமைவது. 64-இல் ஒன்று அப்படி அமையும். பைத்தானின் ஓஎஸ்.பாத்.ஜாயின், இரண்டாவது துண்டு '/' இல் தொடங்கினால் அதை முழுப் பாதையாக எடுத்துக்கொண்டு, நீங்கள் கொடுத்த ஃபோல்டரைத் தூக்கி எறிந்துவிடும். படம் ஆல்பம் ஃபோல்டருக்குப் போகாமல் டிஸ்க்கின் தலைமாட்டுக்குப் போகும். அனுமதி இல்லாவிட்டால் பிழை வரும். புரோகிராம் ரூட் பயனரில் ஓடினால் சத்தமில்லாமல் எழுதிவிட்டுப் போய்விடும். பத்துப் படம் வைத்துச் சோதித்தால் இது கண்ணில் படாமலே போகலாம்.

இதைத் தவிர்க்கத்தான் யூஆர்எல்சேஃப்_பி64என்கோடு என்ற ஃபங்ஷன். 2006 அக்டோபரில் வந்த ஆர்எஃப்சி 4648 ஆவணம் சொல்லும் வகை இது: '+' இருக்கும் இடத்தில் '-', '/' இருக்கும் இடத்தில் '_'. சாய்கோட்டுப் பிரச்சினை இதோடு தீர்ந்தது. மற்றவை அப்படியே இருக்கின்றன.

முதலில் '-'. இப்போது 64-இல் ஒரு பெயர் '-' இல் தொடங்கும். ஒரு கல்யாணத்துக்கு 3,000 படம் என்று வைத்தால் சுமார் 47 படம். லினக்ஸ் டெர்மினலில் நட்சத்திரக் குறி போட்டு மொத்தமாகக் காப்பி எடுக்கும்போது, அந்த 47 பெயரையும் கட்டளைக்கான ஆப்ஷன் என்றே சிபி, ஆர்எம், டார் போன்ற கட்டளைகள் எல்லாம் எடுத்துக்கொள்ளும். நட்சத்திரத்துக்கு முன்னால் './' சேர்த்தால் தப்பிக்கலாம், ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு அதை யார் நினைவு வைத்திருப்பார்கள்? அதே பட்டியலை எக்ஸெலில் ஒட்டினால், '-' இல் தொடங்கும் கட்டத்தை அது ஃபார்முலா என்று எண்ணிக்கொள்ளும்.

அடுத்து பெரிய எழுத்து, சின்ன எழுத்து. பேஸ்64 இரண்டையும் வேறு வேறாகப் பார்க்கிறது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ், பென்டிரைவின் எக்ஸ்ஃபேட், மேக்கின் ஏபிஎஃப்எஸ் ஆகிய மூன்று கோப்பு முறைகளும், இயல்பான அமைப்பில், இரண்டையும் ஒன்றாகவே பார்க்கின்றன. இதனால் இரண்டு படம் மோதிக்கொள்ளும் என்று பலர் பயப்படுகிறார்கள். முழு 43 எழுத்தையும் வைத்திருந்தால் அந்தப் பயம் தேவையில்லை. ஓர் எழுத்து 6 பிட் சுமப்பதற்குப் பதில் சராசரியாக 5.2 பிட் சுமக்கும். மொத்தம் சுமார் 220 பிட் மிச்சம் இருக்கும், அது தாராளம். 8 எழுத்தாக வெட்டினால்தான் 48 பிட் என்று நினைத்தது 41 பிட் அளவுக்கு இறங்கி மோதலுக்கு வழி விடும். உண்மையான ஆபத்து வேறு. வழியில் எந்த மென்பொருளாவது பெயரை முழுக்கச் சின்ன எழுத்தாக மாற்றிவிட்டால், அந்தப் பெயரிலிருந்து ஹேஷைத் திரும்பப் பெற வழியே இல்லை. வெப்சைட் லிங்க் உருவாக்கும் கருவிகள் பல இதைச் செய்கின்றன. மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் இயல்பான ஒப்பீட்டு முறையும் பெரிய, சின்ன எழுத்தை ஒன்றென்றே கொள்ளும்.

மூன்றாவது '='. இந்த ஃபங்ஷன் '=' குறியைத் தானாக நீக்காது. யூஆர்எல்லிலும் அது தொல்லைதான். வலப்பக்கம் ஆர்ஸ்டிரிப் போட்டு நீக்கலாம், ஆனால் திரும்ப டீகோடு செய்யும்போது நீளம் 4-இன் மடங்காகும்வரை '=' சேர்த்துக் கொடுக்காவிட்டால் பிழை எழும். இன்னொன்றும் கவனிக்க வேண்டியது: பேஸ்64 டீகோடு ஃபங்ஷன்கள் இயல்பாகக் கண்டிப்பு இல்லாதவை. நடுவில் அந்நியக் குறி ஒன்று புகுந்திருந்தால் அதைத் தள்ளிவிட்டு மேலே போகும். பெயர் சரியா என்று சோதிக்க அவற்றை நம்பாதீர்கள். முதலில் நீளத்தைப் பாருங்கள், பிறகு அனுமதித்த எழுத்து மட்டும்தான் இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த மாட்யூலைக் கையில் எடுத்தவர்கள் விழும் இரண்டு குழிகள் உண்டு. என்கோடு ஃபங்ஷன் பைட்டுகளைத்தான் திருப்பித் தரும், எழுத்துச்சரத்தை அல்ல. அதை எஸ்டிஆர் என்று போட்டு மாற்றினால் பெயர் 'பி' என்ற எழுத்து, ஒற்றை மேற்கோள், பிறகு ஹேஷ், மறுபடி ஒற்றை மேற்கோள் என்று அமையும். விண்டோஸும் லினக்ஸும் ஒற்றை மேற்கோளை அனுமதிப்பதால் பிழை எதுவும் வராது; ஆயிரம் ஃபைல் போன பிறகு யாரோ பார்த்துச் சொல்வார்கள். ஆஸ்கி என்று சொல்லி டீகோடு செய்வதுதான் சரி. இன்னொன்று, 32 பைட்டாக ஹேஷைத் தரும் டைஜஸ்ட்டைக் கொடுக்க வேண்டிய இடத்தில், அதை ஹெக்ஸ் எழுத்தாகத் தரும் ஹெக்ஸ்டைஜஸ்ட்டைக் கொடுப்பது. ஏற்கெனவே எழுத்தான 64 எழுத்தை மறுபடி பேஸ்64 ஆக்கினால் 88 எழுத்து வரும். பெயர் 44-க்குப் பதில் 88 நீளம் இருந்தால் இதுதான் காரணம், வேறு எங்கும் தேட வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகு ஹெக்ஸ் சலிப்பான பொருளாகத் தெரியலாம். ஆனால் கடை வேலைக்கு எங்கள் தேர்வு அதுதான். ஹெக்ஸ்டைஜஸ்ட் என்ற ஒரே அழைப்பு. பேஸ்64 மாட்யூலே தேவையில்லை. எழுத்துச்சரமாகவே வரும், சின்ன எழுத்தில் வரும். 0 முதல் 9, ஏ முதல் எஃப் வரை மொத்தம் 16 குறிகள். எந்தக் கோப்பு முறையிலும் தடை இல்லை. விண்டோஸ் ஒதுக்கி வைத்திருக்கும் கான், பிஆர்என், நல், காம்1 போன்ற பெயர்கள் இந்த எழுத்துகளில் அமையவே முடியாது. முழு 64 எழுத்தையும் வைத்தால் லினக்ஸின் ஷா256சம் கருவியோடு நேராக ஒப்பிடலாம், பைத்தான் இல்லாத கணினியிலும்.

தமிழில் வேலை பார்க்கும் இடத்துக்கு ஹெக்ஸ் பொருந்த இன்னொரு காரணம் உண்டு, இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆல்பம் டிசைனருக்குப் போனில் பெயரின் முதல் எட்டு எழுத்தைச் சொல்கிறோம். அவர் கேட்டதைத் தமிழில் நோட்டில் குறிக்கிறார். பேஸ்32-இல் பாண்டிக்கு வரும் 'பி'யும் உண்டு, பாம்பேக்கு வரும் 'பி'யும் உண்டு. டெல்லிக்கு வரும் 'டி'யும் தஞ்சாவூருக்கு வரும் 'டி'யும் தமிழில் ஒரே எழுத்துதான். எம், என் இரண்டும் போனில் குழம்பும். ஹெக்ஸில் இந்தச் சிக்கலே இல்லை. ஏ, பி, சி, டி, ஈ, எஃப் ஆறும் தமிழில் எழுதினாலும் ஆறாகவே நிற்கும். 'நாலு, பி, சைபர், டி, டி, ஒன்பது, ஈ, ரெண்டு' என்று சொன்னால் அது ஒரே ஒரு பெயர்தான்.

ஹெக்ஸுக்கும் குறை உண்டு. விண்டோஸ் பவர்ஷெல்லின் கெட்-ஃபைல்ஹேஷ் பெரிய எழுத்தில் தரும், பைத்தானும் ஷா256சம்மும் சின்ன எழுத்தில் தரும். லினக்ஸ் சர்வரில் இவை இரண்டு வேறு பெயர்கள், அதனால் ஒரே படம் இரண்டு தடவை உட்கார்ந்துவிடும். பெயர் வைப்பதற்கு முன் லோயர் போட்டுவிடுங்கள், எங்கிருந்து வந்த ஹேஷாக இருந்தாலும். அடுத்தது எக்ஸெல். 48213ஈ06 என்று ஆங்கிலத்தில் அமைந்த ஒரு பெயர் சிஎஸ்வி ஃபைலில் இருந்தால், எக்ஸெல் அதை 48213-ஐப் பத்து லட்சத்தால் பெருக்கிய எண்ணாகப் படித்து 4.82ஈ+10 என்று காட்டும். சேவ் செய்துவிட்டால் பழைய பெயர் போய்விட்டது. பெயரை 8 எழுத்தாக வெட்டினால் சுமார் இருநூறில் ஒன்று இப்படி மாட்டும். சைபரில் தொடங்கி முழுக்க எண்ணாக அமைந்த பெயர்கள் தலைச் சைபரை இழக்கும். 32 எழுத்தோ அதற்கு மேலோ வைத்தால் இது நடக்க வாய்ப்பு மிகமிகக் குறைவு. முன்னால் 'எச்' போல ஹெக்ஸில் இல்லாத ஓர் எழுத்தைச் சேர்த்தால் அறவே நடக்காது.

பேஸ்32-ஐ ஒதுக்கிவிடவும் மனம் வரவில்லை. எழுத்து ஏ முதல் இசட் வரை, எண் 2 முதல் 7 வரை. 0-வும் 1-ம் கிடையாது, அதனால் ஓ-வோடும் ஐ-யோடும் குழப்பம் இல்லை. பெரிய, சின்ன எழுத்து பேதம் பாராட்டாது. ஆல்பம் அட்டையின் பின்பக்கம் க்யூஆர் கோடு அச்சடிக்கும் ஸ்டூடியோக்களுக்கு இதுதான் சரியான சரக்கு. க்யூஆரில் எண்களுக்கும் பெரிய எழுத்துகளுக்கும் மட்டும் ஒரு சிக்கனமான முறை இருக்கிறது. இரண்டு எழுத்துக்கு 11 பிட்தான் பிடிக்கும். 32 எழுத்துப் பேஸ்32 பெயரைப் பெரிய எழுத்தில் கொடுத்தால், எம் அளவு பிழைதிருத்தத்தோடு 25-க்கு 25 கட்டத்தில் அடங்கும். சின்ன எழுத்தில் கொடுத்தால் 29-க்கு 29 ஆகிவிடும். பொடி அளவில், ஓரத்தில் தங்க ரேகை ஓடும் அட்டையில் அச்சடிக்கும்போது இந்த வித்தியாசம் போன் கேமராவுக்குத் தெரியும்.

இதில் '=' தொல்லையை அடியோடு ஒழிக்க ஒரு கணக்கு: பேஸ்32 ஐந்து ஐந்து பைட்டாகத்தான் எடுக்கும். 32 பைட் கொடுத்தால் 52 எழுத்தும் நான்கு '=' குறியும் வரும். 20 பைட் கொடுத்தால் கச்சிதமாக 32 எழுத்து, ஒரு '=' கூட இல்லை. ஹேஷ்லிப்பில் உள்ள பிளேக்2பி என்ற இன்னொரு ஹேஷ் முறை இதற்கென்றே அமைந்தது போல, டைஜஸ்ட்_சைஸ் என்ற இடத்தில் 20 என்று கொடுத்தால் 20 பைட்டே தரும். ஷா-256 வேண்டும் என்றால் முதல் 20 பைட்டை வெட்டி எடுத்தாலும் தப்பில்லை. திரும்ப டீகோடு செய்யும்போது சின்ன எழுத்தாக இருந்தால் கேஸ்ஃபோல்டு என்பதை ட்ரூ என்று கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏற்காது.

எத்தனை எழுத்து வைத்தால் போதும் என்று அடிக்கடி கேட்கிறார்கள். மோதல் வாய்ப்பைத் தோராயமாகப் பார்க்க, ஃபைல் எண்ணிக்கையை வர்க்கமாக்கி, அதை இரண்டின் (பிட்+1) அடுக்கால் வகுக்க வேண்டும். 8 ஹெக்ஸ் எழுத்து என்றால் 32 பிட். 77,000 ஃபைல் சேர்ந்தாலே இரண்டு ஃபைல் மோத ஐம்பதுக்கு ஐம்பது வாய்ப்பு. சுறுசுறுப்பான ஒரு ஸ்டூடியோ இதை ஒரு சீசனில் தாண்டிவிடும். 10 எழுத்தில் ஒரு லட்சம் ஃபைலுக்கு 220-இல் ஒரு வாய்ப்பு; பணம் வாங்கிச் செய்யும் வேலைக்கு அதுவும் ஆகாது. 16 எழுத்தில் பத்து லட்சம் ஃபைலுக்கு மூன்றரைக் கோடியில் ஒன்றை விடக் குறைவு. 32 எழுத்து, அதாவது 128 பிட் வைத்துவிட்டால் இந்தக் கணக்கை மறந்துவிடலாம். நாங்கள் சொல்வது 32.

பழைய ஹேஷ் முறைகளான எம்டி5, ஷா-1 வேண்டாம். இரண்டு வேறு ஃபைலுக்கு ஒரே எம்டி5 வரவைக்கலாம் என்று 2004-லேயே காட்டிவிட்டார்கள். 2017 பிப்ரவரியில் ஒரே ஷா-1 கொண்ட இரண்டு வேறு பிடிஎஃப்களை வெளியிட்டார்கள். வாடிக்கையாளர் அனுப்பும் ஃபைலை வாங்கி வைக்கும் இடத்தில் ஷா-256 போடுவதால் ஒரு நஷ்டமும் இல்லை. நேரம் பிடிப்பது கணக்கு அல்ல, கார்டைப் படிப்பது. கார்டு ரீடர் நொடிக்கு 90 எம்பி கொடுத்தால் 64 ஜிபி கார்டுக்கு 12 நிமிடம், எந்த ஹேஷாக இருந்தாலும்.

பைத்தானின் உள்ளமைந்த ஹேஷ் என்ற ஃபங்ஷனை ஹேஷ்லிப்போடு குழப்பிக்கொள்ளாதீர்கள். 3.3 பதிப்பிலிருந்து எழுத்துச்சரங்களுக்கு அது ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு எண் தரும். நேற்று வைத்த பெயரை இன்று தேடினால் கிடைக்காது. எதிர்ம எண்ணும் தரும், அப்போது பெயர் மறுபடி '-' இல் தொடங்கும்.

படத்தின் உள்ளடக்கத்துக்குப் பதில் தலைப்பிலிருந்து பெயர் வைக்க நினைப்பவர்களும் இருக்கிறார்கள். சேலை டிசைனுக்கோ, ஓலைச்சுவடி ஸ்கேனுக்கோ தமிழில் தலைப்பு இருக்கும். 'ஆபத்தான குறிகளை நீக்கு' என்று இணையத்தில் கிடைக்கும் கோடுகள் பெரும்பாலும் ரெஜெக்ஸ் என்ற எழுத்து தேடும் முறையை வைத்து, எழுத்தும் எண்ணும் அல்லாத எல்லாவற்றையும் தூக்குகின்றன. பைத்தானில் ரெஜெக்ஸுக்கான ஆர்இ மாட்யூல் தமிழ் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக எண்ணுவதில்லை. 'மதுரை' போட்டால் 'மதர' வரும். 'மீனாட்சி' போட்டால் 'மனடச'. அதைவிடக் கொடுமை: 'மலை', 'மாலை', 'மூலை', 'மாலா' நான்கும் 'மல' ஆகிவிடும், நான்கு ஃபைலில் மூன்று அழிந்துபோகும். அப்படியே தமிழில் விட்டாலும் நீளக் கணக்கு இடிக்கும். லினக்ஸின் எக்ஸ்ட்4-இல் பெயருக்கு 255 பைட்தான் எல்லை. யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 85 குறிகள். 'மீனாட்சி' என்ற நான்கெழுத்தே 8 குறி, 24 பைட்.

இங்கேதான் தலைப்பை ஹேஷ் ஆக்குவது கைகொடுக்கும், ஒரு நிபந்தனையோடு. 'கோவில்' என்பதில் உள்ள 'கோ'வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஓகாரக் குறி ஒரே குறியாக, அல்லது ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் வித்தியாசம் தெரியாது. பைட் கணக்கில் ஒன்று 18, மற்றது 21. ஹேஷ் முற்றிலும் வேறு. ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றிலும் இது உண்டு. அதனால் யூனிகோடுடேட்டா மாட்யூலின் நார்மலைஸ் ஃபங்ஷனில் என்எஃப்சி என்று கொடுத்து இரண்டையும் ஒரே வடிவமாக்கி, ஓர இடைவெளிகளை ஸ்டிரிப் போட்டு நீக்கி, யூடிஎஃப்-8 பைட்டாக்கிய பிறகுதான் ஷா-256-க்கு அனுப்ப வேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது.

தலைப்புக்குச் சொல்வது போன் நம்பருக்குப் பொருந்தாது. வாடிக்கையாளரின் போன் நம்பரை ஹேஷ் ஆக்கிப் பெயராக வைத்தால் ரகசியம் காத்ததாக நினைக்க வேண்டாம். நம் நாட்டில் செல்போன் எண் 6, 7, 8, 9-இல் தொடங்கும் பத்து இலக்கம். மொத்தம் 400 கோடி சாத்தியம். ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டு அத்தனைக்கும் ஷா-256 போட்டுப் பார்க்க ஒரு நிமிடம்கூடப் பிடிக்காது. பிளேக்2பி-யில் கீ என்ற இடத்தில் ஒரு ரகசியச் சாவி கொடுத்து ஹேஷ் எடுங்கள், அந்தச் சாவியைக் கோடுக்குள் எழுதி வைக்காதீர்கள்.

ஃபைலை எழுதும் முறைக்கு வருவோம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இருக்கும் ஊரில் இதை அலட்சியம் செய்யக்கூடாது. மூல ஃபைலை பைனரியாகத் திறந்து 1 எம்பி துண்டாகப் படியுங்கள். ஒவ்வொரு துண்டையும் ஹேஷின் அப்டேட்டுக்கும் ஒரு தற்காலிக ஃபைலுக்கும் ஒன்றாக அனுப்புங்கள். தற்காலிக ஃபைல் கடைசியில் போய்ச் சேரும் அதே டிஸ்க்கில், அதே ஃபோல்டரில் இருக்கட்டும். முடிந்ததும் ஃப்ளஷ், எஃப்சிங்க் செய்து, மெமரியில் நிற்பதை டிஸ்க்கில் எழுதவைத்து மூடி, ஹேஷ் பெயருக்கு ஓஎஸ்.ரீப்ளேஸ் மூலம் மாற்றுங்கள். நடுவில் கரண்ட் போனால் அரைகுறை ஃபைல் தற்காலிகப் பெயரிலேயே கிடக்கும். ஹேஷ் பெயர் முழு ஃபைலுக்கு மட்டும்தான் கிடைக்கும். தற்காலிக ஃபைலை வேறு டிஸ்க்கில் வைத்தால் ரீப்ளேஸ் பிழை கொடுத்து நின்றுவிடும். ஓஎஸ்.ரீநேம் வேண்டாம், விண்டோஸில் அந்தப் பெயர் ஏற்கெனவே இருந்தால் அது மறுத்துவிடும். காப்பி எடுக்காமல் ஹேஷ் மட்டும் பார்க்க வேண்டுமானால் 3.11 பதிப்பில் வந்த ஃபைல்_டைஜஸ்ட் ஒரே வரியில் முடித்துக் கொடுக்கும், அருமையான வசதி.

ஹேஷ் பெயரின் பெரிய குறை, வரிசை போய்விடுவது. மாலை மாற்றுவதும் தாலி கட்டுவதும் ஃபோல்டரில் எங்கெங்கோ சிதறிக் கிடந்தால் ஆல்பம் டிசைனர் கையைப் பிசைவார். பெயருக்கு முன்னால் எடுத்த தேதியும் நேரமும் சேருங்கள்: 20240617-093122- என்று, பிறகு ஹேஷ். படத்துக்குள் கேமரா பதியும் எக்ஸிஃப் தகவலில் நேரம் 2024:06:17 09:31:22 என்று இருக்கும்; அந்த முக்காற்புள்ளிகளை அப்படியே எடுத்தால் விண்டோஸ் ஏற்காது. மண்டபத்துக்குள் நுழையும் முன் இரண்டு கேமராவின் கடிகாரத்தையும் ஒன்றாக்கிக்கொள்ளுங்கள்; இதைக் கோடால் பின்னால் சரிசெய்வது பெரும்பாடு. எக்ஸ்டென்ஷனைச் சின்ன எழுத்தாக்க மறக்க வேண்டாம், கேமரா பெரிய எழுத்தில்தான் ஜேபிஜி என்று வைக்கும். ஒரு லட்சம் ஃபைலை ஒரே ஃபோல்டரில் போடாமல், ஹேஷின் முதல் இரண்டு எழுத்தில் துணை ஃபோல்டர் போட்டால் 256 ஃபோல்டரில் தலா 390 ஃபைல் வரும். கோடின் பழைய பதிப்புகளைச் சேமித்து வைக்கும் கிட் மென்பொருள் இப்படித்தான் செய்கிறது. ஆனால் கிட் அந்த இரண்டு எழுத்தை ஃபைல் பெயரிலிருந்து எடுத்துவிடும்; நீங்கள் எடுக்காதீர்கள், ஃபைல் வேறு இடத்துக்குப் போனாலும் பெயர் முழுமையாக இருக்கட்டும்.

படத்தைத் திருப்பிச் சேவ் செய்தாலோ, நட்சத்திர மதிப்பெண் கொடுத்து அது ஃபைலுக்குள் பதிந்தாலோ பைட் மாறிவிடும், ஹேஷும் மாறும். ஆகவே கார்டிலிருந்து வந்த மூலப் படத்துக்கு மட்டும் ஹேஷ் பெயர். அதில் கை வைக்கக்கூடாது. திருத்திய படத்துக்கு மூலத்தின் முதல் 12 எழுத்தும் ஒரு திருத்த எண்ணும் போதும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கி அனுப்பும், ஹேஷ் ஒத்துப்போகாது. டாக்குமென்ட்டாக அனுப்பினால் பைட் மாறாமல் போகும்.

காப்பி முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி மாட்டி ஒருமுறை எல்லா ஃபைலையும் மறுபடி ஹேஷ் எடுத்துப் பெயரோடு ஒப்பிடுங்கள். கழற்றாமல் செய்தால் கணினி மெமரியில் இருக்கும் நகலையே படித்துவிட்டுச் சரி என்று சொல்லக்கூடும். அப்போது பட்டியலில் ஹேஷ் பகுதி ஈ3பி0சி442 என்று தொடங்கும் பெயர் ஏதாவது தென்பட்டால் அங்கேயே நிறுத்துங்கள். ஒன்றுமே இல்லாத, 0 பைட் ஃபைலின் ஷா-256 அப்படித்தான் தொடங்கும். படம் கார்டிலிருந்து வரவே இல்லை என்று அர்த்தம். அந்தக் கார்டை ஃபார்மட் செய்யாமல், மேலே எழுதவிடாமல் தடுக்கும் பூட்டைத் தள்ளித் தனியாக எடுத்து வையுங்கள்.